கடைசித் தாண்டலைக் கைவிடாத யூலிமார் ரோஹாஸ்

பெண்களுக்கான மும்முறை தாண்டுதலில் உலகச் சாதனையை வைத்திருப்பவர் வெனிசுவேலா நாட்டின் யூலிமார் ரோஹாஸ். 2022ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் அவர் தாண்டிய தூரம் 15.74 மீட்டர். அது எவ்வளவு தூரம் என்பதை அறிய ஒரு பூப்பந்து ஆடுகளத்தை நினைத்துப் பார்த்தால் போதும். அதன் முழு நீளம் 13.40 மீட்டர். ஒரு முனைக் கோட்டில் காலை ஊன்றி எழும்பி, மூன்றே பாய்ச்சலில் மறுமுனைக் கோட்டையும் கடந்து, அதற்கு அப்பாலும் 2.34 மீட்டர் தள்ளிப் போய் விழுந்ததற்கு ஒப்பானது அந்தத் தாண்டல்.

ஓர் ஒலிம்பிக் தங்கம், ஓர் ஒலிம்பிக் வெள்ளி, உலகத் திடல்தடப் போட்டியில் தொடர்ச்சியாக நான்கு தங்கம், உலக உள்ளரங்கப் போட்டியில் மூன்று தங்கம். இவை அனைத்தையும் 28 வயது நிறைவதற்குள் அவர் வென்றுவிட்டார்.

பதக்கப் பட்டியலைத் தாண்டி அவரது போட்டிகளில் இன்னொன்றையும் கவனிக்கலாம். மும்முறை தாண்டுதலின் இறுதிச் சுற்றில் முன்னணி வீராங்கனைகளுக்கு ஆறு வாய்ப்புகள் உண்டு. ரோஹாஸின் மிகப் பெரிய தாண்டல்களில் மூன்று அந்த ஆறாவது வாய்ப்பில் வந்தவை. ஜெயித்துவிட்டோம் என்று அவர் ஓய்ந்துவிடவில்லை. தோற்றுவிட்டோம் என்று ஒதுங்கிவிடவும் இல்லை.

லொம்பாட் கிஜாங் எனும் விளையாட்டு

மலேசியப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இந்தப் போட்டி 'லொம்பாட் கிஜாங்' என்ற பெயரில்தான் பழக்கம். கிஜாங் என்றால் மான். மான் துள்ளிச் செல்வதுபோல் இருப்பதால் மலாய் மொழியில் அந்தப் பெயர் அமைந்தது.

ஓடிவந்து மணலில் பாயும் நீளம் தாண்டுதலைவிட இது சிக்கலானது. தாண்டுபவர் வேகமாக ஓடிவந்து வெள்ளைப் பலகையில் ஒரு காலை ஊன்றி எழும்ப வேண்டும். எழும்பிய அதே காலில் தரையிறங்க வேண்டும். இது பாண்டி விளையாட்டில் நொண்டி அடிப்பதைப் போன்றது. அங்கிருந்து எழும்பி மற்றக் காலில் இறங்க வேண்டும்; இது ஒரு நீண்ட எட்டு. அந்தக் காலை உந்தி மூன்றாவது முறையாக எழும்பி மணற்குழிக்குள் விழ வேண்டும். நொண்டி, எட்டு, தாண்டல் என்று வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். வலது காலில் தொடங்கினால் வலது, வலது, இடது. இடது காலில் தொடங்கினால் இடது, இடது, வலது.

மூன்றையும் சரியான அளவில் பகிர்ந்துகொள்வதில்தான் திறமை இருக்கிறது. முதல் பாய்ச்சலில் மிக உயரமாக எழும்பினால் இறங்கும்போது கால் தாங்காது, வேகம் செத்துவிடும். தாழ்வாகச் சென்றால் தூரம் போதாது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உடல் எடையைப் போல் பல மடங்கு அழுத்தம் ஒற்றைக் காலில் விழுகிறது. கணுக்கால், முழங்கால், குதிகால் தசைநாண் ஆகியவை இப்போட்டியில் எளிதில் காயப்படுவதற்கு அதுவே காரணம்.

அனைத்துலகப் போட்டிகளில் பெண்களுக்கான பலகை பெரும்பாலும் மணற்குழியிலிருந்து 11 மீட்டர் தொலைவில் இருக்கும். முதல் இரண்டு பாய்ச்சலும் அந்தக் கெட்டித் தரையிலேயே முடிய வேண்டும். பலகையின் முன்விளிம்பைக் கால் நுனி கடந்துவிட்டால் அந்தத் தாண்டல் செல்லாது. மணலில் விழும்போது கை பின்னால் பட்டுவிட்டால், தூரம் அந்தக் கைத்தடத்தில் இருந்தே அளக்கப்படும்.

இறுதிச் சுற்றுக்கு வழக்கமாகப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. அதில் முதல் எட்டு இடங்களைப் பிடித்தவர்களுக்கு மட்டும் மேலும் மூன்று வாய்ப்பு என்பது நீண்டகாலம் இருந்த முறை. ஆறில் மிகச் சிறந்த ஒன்றே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். ஐந்து தாண்டல் வீணானாலும் ஆறாவது ஒன்று சரியாக அமைந்தால் தங்கம் கிடைக்கும்.

பெண்களுக்குத் தாமதமாகத் திறந்த கதவு

ஆண்களுக்கான மும்முறை தாண்டுதல் 1896ஆம் ஆண்டு ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றது. பெண்களோ ஒரு நூற்றாண்டு காத்திருந்தார்கள். பெண்ணின் உடல் இதைத் தாங்காது என்ற எண்ணம் நீண்டகாலம் நிலவியதே காரணம்.

அனைத்துலகத் திடல்தடச் சம்மேளனம் 1990ஆம் ஆண்டில்தான் பெண்களின் உலகச் சாதனையை அங்கீகரிக்கத் தொடங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் சீனாவின் லி ஹுய்ரோங் ஜப்பானின் சப்போரோ நகரில் 14.54 மீட்டர் தாண்டியது முதல் அதிகாரப்பூர்வச் சாதனை ஆனது. 1993இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் உலகத் திடல்தடப் போட்டியில் முதன்முறையாக இப்போட்டி சேர்க்கப்பட்டது. அங்கு ரஷ்யாவின் அன்னா பிரியுகோவா 15.09 மீட்டர் தாண்டி, 15 மீட்டரைக் கடந்த முதல் பெண் ஆனார். ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது 1996ஆம் ஆண்டு அட்லாண்டாவில்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1995 ஆகஸ்ட் 10ஆம் தேதி, சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் உக்ரைனின் இனெஸ்ஸா கிராவெட்ஸ் உலகத் திடல்தடப் போட்டியில் களமிறங்கினார். முதல் இரண்டு தாண்டலும் செல்லாமல் போயின. மூன்றாவதும் தவறியிருந்தால் அவர் வெளியேறியிருப்பார். அந்த மூன்றாவது தாண்டலில் 15.50 மீட்டர் பதிவானது. அந்தச் சாதனை ஏறத்தாழ 26 ஆண்டுகள் அசையாமல் நின்றது.

கோத்தன்பர்க்கில் அது நிகழ்ந்து 72 நாள்கள் கழித்து, 1995 அக்டோபர் 21ஆம் தேதி, வெனிசுவேலாவின் தலைநகர் காரகாஸில் யூலிமார் ரோஹாஸ் பிறந்தார்.

துறைமுக நகரின் ஓரத்தில்

அவர் வளர்ந்தது தலைநகரில் அல்ல. நாட்டின் கிழக்கில், கரீபியக் கடலோரத்தில் அன்சோவாத்தெகி மாநிலத்தில் உள்ள புவெர்த்தோ லா குரூஸ் நகரை ஒட்டிய போசுவேலோஸ் பகுதியில் வளர்ந்தார். புவெர்த்தோ லா குரூஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் துறைமுகமும் கொண்ட ஊர். எண்ணெய் வளம் அந்த ஊர் வழியாகக் கப்பலேறியது. போசுவேலோஸ் போன்ற ஓரப் பகுதிகளுக்கு அந்த வளம் வந்து சேரவில்லை. எளிய வீட்டில், வசதி குறைந்த குடும்பத்தில் வளர்ந்ததை ரோஹாஸ் பின்னாளில் பல பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

சிறு வயதிலேயே நெடுநெடுவென்று வளர்ந்தவர் அவர். இப்போது அவரது உயரம் 1.92 மீட்டர். உயரமான பிள்ளை என்பதால் கைப்பந்து விளையாட வேண்டும் என்பதே அவரது முதல் ஆசை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்கு வெனிசுவேலாவின் மகளிர் கைப்பந்துக் குழு தகுதி பெற்றிருந்ததும் அந்த ஆசைக்குத் தூண்டுகோல் ஆனது.

ஆனால் உள்ளூர் விளையாட்டு வளாகத்துக்குப் போனபோது கைப்பந்துக்குப் பயிற்றுநர் கிடைக்கவில்லை. அங்கே இருந்தவர் திடல்தடப் பயிற்றுநர் ஹேசுஸ் வெலாஸ்கேஸ். நீண்ட கால்களையும் துள்ளலையும் பார்த்த அவர், அந்தச் சிறுமியைத் தம் பக்கம் அழைத்துக்கொண்டார். பெரிய அரங்கமோ விலை உயர்ந்த கருவிகளோ இல்லாத ஊரில், ஒரு பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்று கண்டுகொண்ட ஒருவர் இருந்ததே பெரிய வாய்ப்பாக அமைந்தது.

தொடக்கத்தில் ரோஹாஸ் உயரம் தாண்டுபவராகவே அறியப்பட்டார். 2014ஆம் ஆண்டு சிலி தலைநகர் சந்தியாகோவில் நடந்த தென் அமெரிக்க விளையாட்டுப் போட்டியில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். அதன் பிறகே மும்முறை தாண்டுதலில் முழு மூச்சாக இறங்கினார். உலக அளவில் முன்னணிக்கு வந்த பலர் பள்ளிப் பருவத்திலிருந்தே இதற்குப் பழகியவர்கள். அவரோ ஏறக்குறைய 19 வயதில் புதிதாகக் கற்கத் தொடங்கினார்.

வெனிசுவேலாவுக்கும் இந்தப் போட்டிக்கும் ஏற்கெனவே ஒரு பழைய உறவு உண்டு. அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே மும்முறை தாண்டுதலில் கிடைத்ததுதான். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் அஸ்னால்டோ டெவோனிஷ் வெண்கலம் வென்றார். அதன்பின் 64 ஆண்டுகள் திடல்தடத்தில் அந்த நாட்டுக்கு வேறு ஒலிம்பிக் பதக்கம் கிடைக்கவில்லை.

முகநூலில் அனுப்பிய ஒரு செய்தி

2015ஆம் ஆண்டு ரோஹாஸ் செய்த ஒரு சிறு காரியம் அவரது வாழ்க்கையை மாற்றியது. முகநூலில் கியூபாவின் இவான் பெட்ரோசோவின் பக்கம் அவர் கண்ணில் பட்டது. பெட்ரோசோ நீளம் தாண்டுதலில் உலகம் அறிந்த பெயர்; 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், 1995 முதல் 2001 வரை உலகத் திடல்தடப் போட்டியில் தொடர்ந்து நான்கு முறை வென்றவர். ஓய்வுக்குப் பின் பயிற்றுநராகிவிட்டார்.

அவ்வளவு பெரிய மனிதர் பதில் போடுவாரா என்று தயங்கி நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ரோஹாஸ் செய்தி அனுப்பினார். பெட்ரோசோவிடமிருந்து பதிலும் வந்தது. அந்த ஆண்டே ரோஹாஸ் ஸ்பெயின் நாட்டுக்குச் சென்று, தலைநகர் மாட்ரிட்டுக்கு அருகே உள்ள குவாதலஹாரா நகரில் பெட்ரோசோவின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். பின்னர் பார்சிலோனா மன்றத்தின் திடல்தடப் பிரிவிலும் இணைந்தார்.

அந்தக் காலக்கட்டத்தில் வெனிசுவேலாவின் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்தது. உணவுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு ஏற்பட, பல மில்லியன் மக்கள் நாட்டை விட்டு வெளியேறினர். குடும்பத்தை அங்கே விட்டுவிட்டுக் கடல் கடந்த இளம் பெண்களில் ரோஹாஸும் ஒருவர்.

இரண்டு சென்டிமீட்டர்

பெட்ரோசோவிடம் சேர்ந்த சில மாதங்களிலேயே பலன் தெரிந்தது. 2016 மார்ச்சில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடந்த உலக உள்ளரங்கத் திடல்தடப் போட்டியில் 14.41 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 20.

அதே ஆண்டு ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக். அந்தக் காலத்தில் இப்போட்டியின் அரசியாக விளங்கியவர் அண்டை நாடான கொலம்பியாவின் கத்தரின் இபார்குவென். அவர் 15.17 மீட்டர் தாண்டித் தங்கத்தைப் பெற்றார். ரோஹாஸ் 14.98 மீட்டருடன் வெள்ளி வென்றார். ஹெல்சிங்கியில் டெவோனிஷ் பெற்ற வெண்கலத்துக்குப் பின் வெனிசுவேலாவுக்குத் திடல்தடத்தில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

ஓராண்டு கழித்து, 2017 ஆகஸ்ட் 7ஆம் தேதி, லண்டனில் இருவரும் மீண்டும் மோதினர். இபார்குவென் அதற்கு முந்தைய இரண்டு உலகப் போட்டிகளிலும் வென்றவர். அன்று அவர் 14.89 மீட்டர் தாண்டினார். ரோஹாஸ் தாண்டியது 14.91 மீட்டர். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தில், 21 வயதில், உலகத் திடல்தடப் போட்டியில் தங்கம் வென்ற முதல் வெனிசுவேலர் ஆனார் அவர்.

2018இல் பெர்மிங்ஹாமில் இரண்டாவது உள்ளரங்கப் பட்டம் கிடைத்தது. 2019ஆம் ஆண்டுதான் அவரது தூரம் பெரிய அளவில் நீண்டது. ஆகஸ்டில் லீமாவில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியில் 15.11 மீட்டர். செப்டம்பர் 6ஆம் தேதி ஸ்பெயினின் அந்தூஹார் நகரில் 15.41 மீட்டர். கிராவெட்ஸின் சாதனைக்கு ஒன்பது சென்டிமீட்டர் மட்டுமே மிச்சம். அக்டோபரில் டோஹாவில் நடந்த உலகப் போட்டியில் 15.37 மீட்டர் தாண்டி, இரண்டாம் இடம் பெற்ற ஜமைக்காவின் ஷனீக்கா ரிக்கெட்ஸைவிட 45 சென்டிமீட்டர் முன்னால் நின்றார்.

2020 பிப்ரவரி 21ஆம் தேதி மாட்ரிட்டில் 15.43 மீட்டர் தாண்டி உள்ளரங்க உலகச் சாதனை படைத்தார். அதுவரை அச்சாதனை 2004ஆம் ஆண்டு ரஷ்யாவின் தத்தியானா லெபெதேவா தாண்டிய 15.36 மீட்டராக இருந்தது. அடுத்த சில வாரங்களில் கோவிட் பெருந்தொற்று உலகை முடக்கியது. ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனது. அந்த ஆண்டு முடிவில் உலகத் திடல்தட அமைப்பு அவரை ஆண்டின் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது.

தோக்கியோ: தங்கம் கிடைத்த பிறகு

2021 ஆகஸ்ட் 1ஆம் தேதி தோக்கியோ தேசிய அரங்கில் இறுதிச் சுற்று நடந்தது. பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டால் பார்வையாளர் இருக்கைகள் காலியாக இருந்தன.

முதல் தாண்டலிலேயே ரோஹாஸ் 15.41 மீட்டரைப் பதிவு செய்தார். 2008 பெய்ஜிங்கில் கேமரூனின் ஃபிரான்சுவாஸ் இம்பாங்கோ படைத்த 15.39 மீட்டர் ஒலிம்பிக் சாதனை முறிந்தது. போர்ச்சுகலின் பத்ரீசியா மமோனா 15.01 மீட்டர் தாண்டினார். வேறு எவரும் 15 மீட்டரை எட்டவில்லை. முன்னணியில் இருப்பவரே கடைசியாகத் தாண்டுவது முறை. ஆகவே ரோஹாஸ் ஆறாவது முறை ஓடத் தயாரானபோது மற்ற அனைவரும் முடித்திருந்தனர். தங்கம் அவருக்குத்தான் என்பது உறுதியாகிவிட்டது.

அந்த நிலையில் கை அசைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் ஓடினார். பலகையைத் தொட்டு எழும்பினார். அளந்தபோது 15.67 மீட்டர் காட்டியது. காற்றின் வேகம் நொடிக்கு 0.7 மீட்டர், அனுமதிக்கப்பட்ட 2 மீட்டர் வரம்புக்குள்தான். அவர் பிறப்பதற்கு முன்பே படைக்கப்பட்ட சாதனையை 17 சென்டிமீட்டர் கூடுதலாகத் தாண்டிவிட்டார்.

ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் வெனிசுவேலாப் பெண் அவர். வெண்கலம் பெற்றவர் ஸ்பெயினின் அனா பெலெத்தெய்ரோ. அவரும் அப்போது பெட்ரோசோவிடம் பயின்றவர்தான். குவாதலஹாராவில் தினமும் ஒரே மணற்குழியில் பயிற்சி செய்த இருவரும் அரங்கின் நடுவே கட்டிப்பிடித்துக் கொண்டாடினர்.

பெல்கிரேடும் ஒரு காலணியும்

ஏழரை மாதங்களில் அவர் மேலும் முன்னேறினார். 2022 மார்ச்சில் பெல்கிரேடில் நடந்த உலக உள்ளரங்கப் போட்டியிலும் வெற்றி உறுதியான நிலையில்தான் அவர் கடைசித் தாண்டலுக்கு வந்தார். அந்த ஆறாவது தாண்டலில் 15.74 மீட்டர் தாண்டினார். வெள்ளி வென்ற உக்ரைனின் மரீனா பெக் ரொமன்சுக் தாண்டியது 14.74 மீட்டர். இருவருக்கும் இடையே முழுமையாக ஒரு மீட்டர். மூன்றாவது முறையாக உள்ளரங்கப் பட்டமும் கையில் வந்தது.

அந்த ஆண்டே அவருக்கு ஒரு சறுக்கலும் நேர்ந்தது. நீளம் தாண்டுதலிலும் உலகப் போட்டிக்குப் போக விரும்பிய அவர், ஸ்பெயினில் ஒரு போட்டியில் 6.93 மீட்டர் தாண்டினார். தகுதி பெற அது போதுமான தூரம். ஆனால் அன்று அவர் அணிந்திருந்தது மும்முறை தாண்டுதலுக்கான காலணி. அப்போதைய விதிப்படி மும்முறை தாண்டுதலில் காலணியின் அடிப்பாகம் 25 மில்லிமீட்டர் தடிமன் வரை இருக்கலாம். நீளம் தாண்டுதலில் 20 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. தூரம் கணக்கில் சேரவில்லை. உலகச் சாதனையாளருக்கும் விதி விதிதான்.

ஜூலையில் அமெரிக்காவின் யூஜின் நகரில் நடந்த உலகப் போட்டிக்கு அவர் மும்முறை தாண்டுதலுக்கு மட்டுமே சென்றார். 15.47 மீட்டர் தாண்டி மூன்றாவது உலகப் பட்டத்தை வென்றார்.

புடாபெஸ்ட்: எட்டாவது இடத்திலிருந்து

2023 ஆகஸ்ட் 25ஆம் தேதி ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் நடந்தது வேறு மாதிரியான போட்டி. அன்று எதுவும் அவருக்குச் சரியாக அமையவில்லை. பெக் ரொமன்சுக் 15 மீட்டர் தாண்டி முன்னணியில் இருந்தார். கியூபாவின் இளம் வீராங்கனை லெயானிஸ் பெரெஸும் மிக அருகில் இருந்தார். ரோஹாஸோ ஐந்து சுற்று முடிந்தபோது எட்டாவது இடத்தில், அதாவது களத்தில் எஞ்சியவர்களில் கடைசியாக நின்றார்.

தோக்கியோவிலும் பெல்கிரேடிலும் ஆறாவது தாண்டல் அவருக்கு விருப்பத்துக்குரியதாக இருந்தது. இங்கே அது கட்டாயம். அந்தத் தாண்டலில் அவர் 15.08 மீட்டரைத் தொட்டார். எட்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் தங்கம் அவருக்கு. பெக் ரொமன்சுக்கிற்கு வெள்ளி, 14.96 மீட்டர் தாண்டிய பெரெஸுக்கு வெண்கலம்.

அவர் தாண்டிய மிக நீண்ட தூரங்களின் வரிசையில் இந்த 15.08 பின்னால்தான் வரும். ஆனால் அவர் எப்படிப்பட்ட போட்டியாளர் என்பதை அறிய உலகச் சாதனையைவிட இதுவே தெளிவாக உதவுகிறது. அடுத்த மாதமே யூஜினில் நடந்த டயமண்ட் லீக் இறுதியில் 15.35 மீட்டர் தாண்டித் தம் நிலையை மீட்டுக்கொண்டார்.

அறுந்த தசைநாண்

2024 ஏப்ரலில், பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு நான்கு மாதங்கள்கூட இல்லாத நிலையில், பயிற்சியின்போது ரோஹாஸின் இடது குதிகால் தசைநாண் கிழிந்தது. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நார் அது. ஓடுவதற்கும் எழும்புவதற்கும் உந்துசக்தி அதன் வழியாகத்தான் வருகிறது. அது அறுந்தால் பல மாதங்கள் ஓய்வும், பிறகு நடையிலிருந்து தொடங்கும் மறுபயிற்சியும் தேவை. பூப்பந்து விளையாடுபவர்களில் பலரும் அறிந்த, அஞ்சுகிற காயம் இது.

பட்டத்தைத் தற்காத்துக்கொள்ள அவரால் பாரிஸுக்குப் போக முடியவில்லை. ஆகஸ்ட் 3ஆம் தேதி நடந்த இறுதிச் சுற்றில் கரீபியத் தீவு நாடான டொமினிக்காவின் தியா லஃபோண்ட் 15.02 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அந்தச் சின்ன நாட்டுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். ரோஹாஸ் இல்லாத இடத்தில் இன்னொரு எளிய நாட்டின் பெண் வரலாறு படைத்தார்.

இந்த விளையாட்டில் குதிகால் தசைநாண் காயத்துக்குப் பின் பழைய உயரத்துக்குத் திரும்புவது எளிதல்ல. ஓட்டத்தில் பயமின்றி முழு வேகத்தைக் கொடுக்க வேண்டும். அந்த வேகத்தோடு, ஒருமுறை அறுந்த காலையே நம்பி ஊன்ற வேண்டும். உடல் ஆறினாலும் மனம் தயங்கும்.

மீண்டும் அதே அரங்கில்

2025 செப்டம்பரில் உலகத் திடல்தடப் போட்டி தோக்கியோவுக்கு வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ரோஹாஸ் 15.67 மீட்டர் தாண்டிய அதே தேசிய அரங்கம். அன்று காலியாக இருந்த இருக்கைகளில் இம்முறை மக்கள் அமர்ந்திருந்தனர்.

தங்கம் லெயானிஸ் பெரெஸுக்குக் கிடைத்தது; அவர் தாண்டியது 14.94 மீட்டர். தியா லஃபோண்ட் 14.89 மீட்டருடன் வெள்ளி பெற்றார். 14.76 மீட்டர் தாண்டிய ரோஹாஸுக்கு வெண்கலம். தம் சொந்தச் சாதனையைவிட ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவு. 2017 முதல் அவர் பங்கேற்ற உலகத் திடல்தடப் போட்டிகளில் தங்கம் அல்லாத முதல் பதக்கம் அது.

எண்களை மட்டும் பார்த்தால் இறக்கம் என்று சொல்லலாம். ஆனால் காலில் தசைநாண் அறுந்து ஒன்றரை ஆண்டுக்குள், 30 வயதை நெருங்கும்போது, உலகின் முதல் மூவரில் ஒருவராக மேடையேறியிருக்கிறார். புடாபெஸ்ட்டில் எட்டாவது இடத்தில் நின்றபோது ஓட்டத் தடத்துக்குத் திரும்பி நடந்த அதே பெண்தான் இங்கும் திரும்பி வந்தார்.

அவரது கதையில் திறமைக்கு இணையாக வேறு சிலவும் இருக்கின்றன. கைப்பந்து தேடி வந்த சிறுமியைத் திருப்பி அனுப்பாத உள்ளூர்ப் பயிற்றுநர். முன்பின் தெரியாத இளம் பெண்ணின் செய்திக்குப் பதில் எழுதிய முன்னாள் வெற்றியாளர். கேட்கத் தயங்காத அந்தப் பெண். பள்ளித் திடலின் மணற்குழியில் விழுந்து எழுந்து, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு வரிசையின் பின்னால் போய் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும் பெற்றோரும் ஆசிரியரும் இதை நினைவில் கொள்ளலாம்.

ரோஹாஸின் முக்கியத் தாண்டல்கள்

2016, போர்ட்லாண்ட், உலக உள்ளரங்கப் போட்டி: 14.41 மீட்டர், தங்கம்

2016, ரியோ ஒலிம்பிக்: 14.98 மீட்டர், வெள்ளி

2017, லண்டன், உலகப் போட்டி: 14.91 மீட்டர், தங்கம்

2018, பெர்மிங்ஹாம், உலக உள்ளரங்கப் போட்டி: 14.63 மீட்டர், தங்கம்

2019, டோஹா, உலகப் போட்டி: 15.37 மீட்டர், தங்கம்

2020, மாட்ரிட்: 15.43 மீட்டர், உள்ளரங்க உலகச் சாதனை

2021, தோக்கியோ ஒலிம்பிக்: 15.67 மீட்டர், தங்கம், உலகச் சாதனை

2022, பெல்கிரேட், உலக உள்ளரங்கப் போட்டி: 15.74 மீட்டர், தங்கம், உலகச் சாதனை

2022, யூஜின், உலகப் போட்டி: 15.47 மீட்டர், தங்கம்

2023, புடாபெஸ்ட், உலகப் போட்டி: 15.08 மீட்டர், தங்கம்

2025, தோக்கியோ, உலகப் போட்டி: 14.76 மீட்டர், வெண்கலம்